மண் தொட்ட கட்டை

சொஹ்ராவுக்குப் படகின்மேல் கோபம் எதுவும் இல்லை. படகு என்ன செய்யும், பாவம். கோபமெல்லாம் அதைக் கட்டுகிற புருஷன்மேல்தான். ஆனால் பாசோவிடம் கோபித்துக்கொள்வதைவிட வீட்டுத் தூணிடம் கோபித்துக்கொள்ளலாம். திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டே கேட்பான். திட்டி முடித்ததும், "காப்பி இருக்கா?" என்பான்.

இத்தனைக்கும், இனிமேல் கடலுக்குப் போக மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன் அவன். அண்ணன் தாஹிரோடு அவன் போன படகு செலாயார் தீவுப் பக்கத்து நீரோட்டத்தில் கவிழ்ந்த வருஷம் அது. பாசோ கரை சேர்ந்தான், தாஹிர் சேரவில்லை. உடம்பெல்லாம் உப்புப் புண்ணோடு படுத்துக் கிடந்தவன், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த பெண்டாட்டியின் தலையில் கை வைத்து, அவள் கேட்காமலே அந்தச் சத்தியத்தைச் செய்தான். கேட்டு வாங்கிய சத்தியமாக இருந்திருந்தால், அதை மீறியபோது அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கொஞ்ச காலம் தரையில் பிழைத்துப் பார்த்தான். பைக்கில் ஆள் ஏற்றிக்கொண்டு பீரா முனைக்கும் சந்தைக்கும் ஓட்டினான். கடல் தெரிகிற வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னைக்கு நீரோட்டம் எப்படி இழுக்குது பாருங்க" என்று பின்னால் இருப்பவருக்குக் காட்டிக்கொண்டிருந்தால் மறுபடி யார் ஏறுவார்கள்? மீன்கூடைப் பெண்கள், "பாசோ வண்டியா? வேண்டாம்பா, நாங்க நடந்தே போயிக்கிறோம்" என்று ஒதுங்கினார்கள். பிறகு ஒருநாள் வாசலில் லாரி வந்து நின்று, வீட்டைவிட நீளமான மரம் ஒன்றை இறக்கிவிட்டுப் போனது.

"இது எதுக்கு?"

"சும்மாதான். கிடக்கட்டும்."

அந்த ஊரில் அப்படிப்பட்ட மரம் யார் வாசலிலும் சும்மா கிடந்ததில்லை. கால் ஊன்றி நிற்கிற மர வீடுகளுக்கு நடுவே, கோழி மேய்கிற இடத்தில், துணி காய்கிற இடத்தில் படகு கட்டுகிறவர்கள் அவர்கள். சமையற்கட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் படகின் வயிறு தெரியும். மரம் எதற்கு என்று சொஹ்ராவுக்கு நன்றாகவே தெரியும். அவன் வாயால் சொல்லட்டும் என்று கேட்டாள், அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடிக்கட்டை நறுக்கும் நாள் வந்தது. படகுக்கு அதுதான் பிறந்த நாள். கீழே நீளமாகப் படுக்கப் போகிற அந்த ஒற்றை மரத்தின் இரண்டு நுனியையும் அறுப்பார்கள். முன் துண்டு புருஷன்; அதை ஒருவன் ஓடிப்போய்க் கடலில் எறிய வேண்டும். பின் துண்டு பெண்டாட்டி; அதை வீட்டுக்காரி வெள்ளைத் துணியில் ஏந்தி, கடலுக்குப் போனவன் திரும்பி வரும்படி மச்சில் வைத்துக் காக்க வேண்டும். மரம் அறுக்கிற வாள் பாதியில் நிற்கக் கூடாது. அறுபட்ட துண்டு மண்ணில் படக் கூடாது. பட்டுவிட்டால் அந்த மரம் படகுக்கு ஆகாது. அதை ஒதுக்கிவிட்டு வேறு மரம் தேட வேண்டியதுதான். இன்னொரு மரம் தேட பாசோவுக்கு வக்கில்லை.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் சொஹ்ரா முந்தின நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

வாளைப் பிடித்தவர் மேஸ்திரி மங்கே. ஊரே அவரை மரியாதையாக டாயெங் என்றுதான் கூப்பிடும். துஆ ஓதி முடித்து முன் நுனியை அறுத்தார். துண்டு விழுவதற்குள் பாசோ அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தான். வேறு யாராவது ஓடுவதுதான் வழக்கம். அவனோ, "என் படகு, நான்தான் ஓடுவேன்" என்று சண்டை போட்டு வாங்கியிருந்தான். கட்டியிருந்த புதுச் சாரத்தோடு அலைக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று எறிந்தான். கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிக் கூச்சல் போட்டது.

மங்கே பின் நுனிக்கு வந்து குனிந்து அறுத்தார். அவர் கண் வாளை விட்டு நகரவில்லை. சொஹ்ரா துணியை விரித்து நின்றாள். துண்டு வந்து துணியில் விழுந்தது. சின்னக் குழந்தை கனம். அவள் இடது கையைத் தளர்த்தினாள்.

தளர்ந்தது என்று சொல்ல அவளுக்கும் ஆசைதான். ஆனால் தளர்த்தினாள். துண்டு சரிந்து மணலில் தொப்பென்று விழுந்தது.

இப்போது யாராவது அலற வேண்டும். அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள். அலறல் வரும், மங்கே தலையில் கை வைப்பார், மரம் கெட்டது, படகு நின்றது. கொஞ்ச நாள் பாசோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பிறகு சரியாகிவிடுவான். ஆனால் யாரும் அலறவில்லை. ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. மங்கே வாளில் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளே, "விழுந்துடுச்சே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து பாசோ தண்ணீருக்குள்ளிருந்து திரும்பினான். சாரம் நனைந்து காலில் சுற்றியிருந்தது, பல்லெல்லாம் தெரிந்தது. அண்ணன் போன பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

அவள் குனிந்து கட்டையை எடுத்தாள். மணலைத் தட்டிவிட்டாள். துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏணி ஏறி, மச்சில் கொண்டுபோய் வைத்தாள். பார்த்தவர்கள், கனம் போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

படகு வளர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் முதலில் பலகையை ஒன்றோடொன்று மர ஆணியால் இணைத்து வெளிக்கூட்டைக் கட்டுவார்கள், விலா மரங்களைப் பிறகுதான் உள்ளே வைப்பார்கள். ஒவ்வொரு பலகையாக ஏற ஏற அவள் நெஞ்சிலும் ஒரு பலகை ஏறியது. முதல் வாரமே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு மரம்தான் நஷ்டம். இப்போது சொன்னால் இத்தனை பலகை, இத்தனை பேருடைய உழைப்பு. அடுத்த வாரம் இன்னும் அதிகம். சொல்லாமல் தள்ளிப்போடுகிறவர்களுக்கெல்லாம் நடப்பதுதான், அவளுக்கும் நடந்தது.

குற்றம் செய்தவள் என்ன செய்வாள்? விழுந்து விழுந்து வேலை செய்தாள். வேலைக்காரர்களுக்கு வேளாவேளைக்குக் காப்பி, பொரித்த வாழைப்பழம், மீன் சாறு. இழைப்புச் சுருள் சமையற்கட்டு வரைக்கும் பறந்து வந்தது, முணுமுணுக்காமல் பெருக்கினாள். மர ஆணிகளைக்கூட வெயிலில் காய வைத்து எடுத்துக் கொடுத்தாள். பாசோவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா டாயெங், என் பொண்டாட்டிக்குப் படகு பிடிச்சுப்போச்சு!"

"உனக்குத்தான் கிறுக்குன்னு நெனச்சேன். வீட்டோட எல்லாருக்கும் தொத்திக்கிச்சா?" என்றார் மங்கே.

"மொதல்ல எப்படி மூஞ்சியைக் காட்டினா தெரியுமா? இப்ப பாருங்க, தங்கம்."

தங்கம் உள்ளே போய்ப் பானைக்குப் பின்னால் நின்று அழுதது.

பக்கத்து வீட்டில்தான் கமாரியா இருந்தாள். தாஹிரின் மனைவி, சொஹ்ராவின் ஓரகத்தி. அவளுக்கு நாக்கு நீளம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என் புருஷனைத் தின்ன கடலுக்கு உன் புருஷனையும் பொட்டலம் கட்டி அனுப்புறியாக்கும்? நல்லா அனுப்பு. ரெண்டு பேருமா உக்காந்து பேன் பாத்துக்கலாம்" என்பாள். அவள் மச்சில் தாஹிர் படகின் பின் துண்டு இன்னும் இருந்தது. மண் படாமல், தூசிகூடப் படாமல், துணி மாற்றி மாற்றி வைத்திருந்தாள். சொஹ்ரா அதை நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். இவ்வளவு காத்தும் தாஹிர் வரவில்லையே? அப்படியென்றால் கட்டையில் என்ன இருக்கிறது, வெறும் மரம்தானே? பகலெல்லாம் இந்த நியாயம் நன்றாக இருக்கும். பாசோ சாப்பிட உட்கார்ந்து, தட்டிலிருந்து மீன் தலையை அவளுக்கென்று எடுத்து வைக்கும்போது அந்த நியாயம் எங்கே போகிறது என்றே தெரியாது.

ஒருநாள் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பலகை இடுக்கில் மரப்பட்டை நாரைத் திணித்துச் சுத்தியலால் தட்டுகிற வேலை. பாசோ ஆணி வாங்கப் போயிருந்தான். சொஹ்ரா மங்கேயிடம் காப்பியை நீட்டிவிட்டு, போகாமல் நின்றாள்.

"டாயெங், ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். அடிக்கட்டை நறுக்கும்போது துண்டு மண்ணுல விழுந்து, அது யாருக்கும் தெரியாமலே போயி, படகையும் கட்டிட்டாங்கன்னா?"

"யாரு வீட்டுல?"

"யாரு வீட்டுலயும் இல்ல. சும்மா கேக்கிறேன்."

அவர் காப்பியை ஊதிக் குடித்தார். "சும்மா கேட்டா சும்மாதான் பதில். மத்தவன் ஏறுவானோ மாட்டானோ, எனக்குத் தெரிஞ்சுதுன்னா அந்தப் படகுல நான் கால் வைக்க மாட்டேன். வாழைப்பழம் இன்னும் இருக்கா?"

அன்று மத்தியானமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பாசோ வந்தான். "இந்தப் படகை வித்துடலாமா?" என்றுதான் வாயில் வந்தது.

"ஏன் புள்ளே, பயமா?"

"ஆமா."

அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சிரிக்கவில்லை. "எனக்கும் பயந்தான். ஆனா பைக்ல உக்காந்தா செத்த மாதிரி இருக்கு. அண்ணன் போனதும் நானும் போயிட்டேன்னு நெனச்சேன். இந்தக் கட்டையை வெட்டின அன்னைக்குத்தான் உசிரு திரும்பி வந்துச்சு." பிறகு பலகையைத் தட்டிக்காட்டினான். "இதுல ஒரு குறையும் வெக்கல. எல்லாம் முறைப்படி. மண்ணு ஒட்டாம நீ ஏந்தின பாரு, அது ஒண்ணு போதும்."

இதற்கு மேல் எந்தப் பெண்ணால் வாயைத் திறக்க முடியும்?

கடலில் இறக்குகிற நாள் நல்ல வெயில். காலையில் ஓதினார்கள், ஆடு அறுத்தார்கள், பெரிய தட்டில் கவுனி அரிசிச் சோறு வந்தது. வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் உருளைக் கட்டைகள் போட்டு வாழை மட்டை பரப்பியிருந்தார்கள். ஊரே வந்து இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்தது. ஒருவர் ராகம் போட்டுக் கத்த, மற்றவர்கள் பதிலுக்குக் கத்தி இழுத்தார்கள். படகு முனகிக்கொண்டு நகர்ந்தது. துணி காயப் போட்ட கம்பத்தைத் தாண்டியது, தென்னை வரிசையைத் தாண்டியது. கரைக்கும் வீட்டுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டது.

இழுத்தார்கள். நகரவில்லை. மங்கே குனிந்து பார்த்தார், ஓர் உருளை மணலில் புதைந்திருந்தது. தோண்டச் சொன்னார். தோண்டி வேறு உருளை கொடுத்து இழுத்தார்கள். அப்படியும் நகரவில்லை. ஏறியிருந்த கடல் வடிவதற்குள் இறக்கியாக வேண்டும். வியர்த்து வழிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படகு பாதியில் நின்றால் அந்த ஊரில் முதலில் உருளையைப் பார்ப்பார்கள், பிறகு மனிதரைப் பார்ப்பார்கள்.

கமாரியாதான் ஆரம்பித்தாள். "யாரோ மனசுல எதையோ வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க. யாரா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. என் கொழுந்தனை அந்தக் குறையோட அனுப்பாதீங்க." இத்தனை நாள் குத்திப் பேசியவளின் குரல் உடைந்தது.

சொஹ்ரா, எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். யாரும் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது பாசோ.

"நான்தான்," என்றான். "தப்பு என்னுது. கடலுக்குப் போக மாட்டேன்னு என் பொண்டாட்டி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். அப்புறம் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம மரத்தைக் கொண்டு வந்து இறக்கினேன். அவ ஒண்ணும் சொல்லல. எல்லாருக்கும் ஆக்கிப்போட்டா, கட்டையை ஏந்தினா, காத்தா. நான் மன்னிப்புக்கூடக் கேக்கல." அவள் பக்கம் திரும்பினான். "சொஹ்ரா, இத்தனை பேருக்கு முன்னாடி கேக்கிறேன். மன்னிச்சு, போயிட்டு வான்னு உன் வாயால சொல்லு. சொன்னாத்தான் இது நகரும்."

பெண்கள் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டார்கள். "சொல்லும்மா," என்றார் யாரோ.

போயிட்டு வாங்க. சின்ன வார்த்தை. அதைச் சொன்னால் படகு போய்விடும், கூடவே அவனும், கெட்ட கட்டையின்மேல், ஒன்றும் தெரியாமல். அவன் தன் குற்றத்தைச் சொல்லித் தலைகுனிந்து நிற்கிறான்; அவள் நல்லவளாக நிற்கிறாள். அந்த நல்ல பெயரை இன்னும் ஒரு நிமிஷம்கூட அவளால் சுமக்க முடியவில்லை. நடந்துபோய் அவன் அருகில் நின்றாள். அவன் தோளைப் பிடித்து, காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கட்டை மண்ணுல விழுந்துச்சு. அன்னைக்கே. நான்தான் விட்டேன். வேணும்னே விட்டேன். நீங்க போகக் கூடாதுன்னு."

தூரத்தில் நின்றவர்களுக்குப் புருஷன் காதில் பெண்டாட்டி அழுகிறாள் என்றுதான் பட்டது. பாசோவின் கண்மட்டும் படகின் அடிப்பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டுந்தான்."

"எனக்கு எதுக்குடி சொன்னே?" அவன் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "நேத்துச் சொல்லியிருந்தா ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்தியிருப்பேன். சொல்லாமலே விட்டிருந்தா நிம்மதியாப் போயிருப்பேன்."

"போகாதீங்க. இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். என்னைத் துப்பட்டும்."

"துப்பிட்டுப் போயிடுவாங்களா? இந்த ஊருல எந்தப் படகு முழுகினாலும் உன் பேரைத்தான் சொல்லுவாங்க. நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

அவள் வாயைத் திறந்தாள். அவன் உள்ளங்கையால் அவள் வாயை மெதுவாக மூடினான். பார்த்தவர்கள் அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டு உச்சுக்கொட்டினார்கள். அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "சரின்னுட்டா! மன்னிச்சுட்டா! பிடிங்கப்பா கயித்தை!" என்று கத்தினான்.

ஆரவாரம் எழுந்தது. புது உருளை சரியாக உட்கார்ந்ததாலோ, கத்திய தெம்பினாலோ, முதல் இழுப்பிலேயே படகு அசைந்துகொடுத்தது. கமாரியா ஓடிவந்து சொஹ்ராவைக் கட்டிக்கொண்டு, "உன் வாய்ச்சொல்லுதான்டி, உன் மனசு தங்கம்டி" என்று அழுதாள். அழுதபடியே அவள் கையில் கயிற்றைத் திணித்தாள். சொஹ்ரா இழுத்தாள். நிறுத்தப் பார்த்தவள் எல்லாரோடும் சேர்ந்து கத்திக்கொண்டு இழுத்தாள். வேறு என்ன செய்வாள், கை அவள் பேச்சைக் கேட்கவில்லை.

படகு தண்ணீரைத் தொட்டு, ஒருமுறை குலுங்கி, மிதந்தது. சொந்தக்காரன்தான் முதலில் ஏற வேண்டும். பாசோ நீந்திப்போய் விளிம்பைப் பிடித்தான். ஏறாமல் அப்படியே கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தான். கரையில் எல்லாரும் கைதட்டினார்கள். பிஸ்மில்லா சொல்லி ஏறினான்.

இத்தனை நாளில் முதல் தடவையாக சொஹ்ராவுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. மூச்சு தாராளமாக வந்தது. அப்படி வந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ஏனென்றால் அவளிடமிருந்து போனது எங்கே போயிற்று என்று அங்கே தெரிந்தது. படகில் நின்றவன் கரையைப் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. குனிந்து, தன் காலுக்குக் கீழே இருந்த பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாரேன், படகை விட்டுக் கண்ணெடுக்கிறானா!" என்று கமாரியா சிரித்தாள்.

"ஆமாக்கா," என்றாள் சொஹ்ரா.